தொப்பூர்க் கணவாய் வழியாக

பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் போகும் வழி, ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் இறக்கம் என்பதை, அவ்வழியே அடிக்கடி பிரயாணம் செய்பவர்களிலும் அநேகர் உணர்ந்திருப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி உயரத்தில், வேனிற் காலத்திலும் காலை வேளையில் குளிர் காற்று வீசும் மைசூர்ப் பீடபூமியை விட்டுப் புறப்பட்டு, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி என்று சிறிது சிறிதாகத் தாழ்ந்து வந்து, ஆயிரம் அடிக்கும் கீழே மலைகள் சூழக் கிடக்கும் சேலத்துச் சமவெளியை அடையுமுன், பூமியானது இரண்டே இடங்களில் தன் சரிவை மறைக்காமல் வெளிப்படையாகக் காட்டுகிறது. சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவிலுள்ள மேலுமலை ஒன்று. தருமபுரியைத் தாண்டியபின் வரும் தொப்பூர்க் கணவாய் மற்றொன்று. பின்னது, ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலையின்மீது அமைந்திருப்பதால், வடதேசத்துச் சரக்கு ஏராளமாகத் தென்தேசத்துக்கு அதன் வழியாக இறங்குகிறது. அதன் பெயர் செய்தித்தாள்களில் அடிக்கடி அச்சாவதற்குக் காரணம் மலைவளமும் அன்று, மந்திகளின் விளையாட்டும் அன்று.

சேலத்தில் நெருங்கிய நண்பர் ஒருவர் வீட்டுக் கலியாணத்தை முன்னிட்டு நானும் என் மனைவியும் ஒரு வாடகைக் காரில் அவ்வழியே சென்றோம். எங்களுக்கு வாய்த்த சாரதி நாமக்கல் பக்கத்து மனிதர். பதினைந்து வயதில் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஓட்டுநராகி, டில்லி, கல்கத்தா என்று வடக்கே போகாத ஊர் இல்லை என்னும்படியாகச் சுற்றி, முதுகுவலி வந்தபின் லாரியை விட்டுக் காரோட்ட வந்தவர். புறப்படும்போது அவர் செய்த முதற்காரியம், டிக்கியில் எங்கள் பெட்டிகளை வைத்துவிட்டு, கையில் ஒரு ஸ்பானருடன் வண்டியை வலம்வந்து, நான்கு டயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டதுதான். லாரிக்காரர்களின் பழக்கம் அது. பத்துப் பதினான்கு சக்கரங்கள் உள்ள வண்டியில் ஒவ்வொன்றுக்கும் அளவுக்கருவி வைத்துப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? காற்றுக் குறைந்த டயர் மந்தமாக ஒலிக்கும். இரண்டாவது காரியமாக, எங்களைப் பார்த்து, "பெல்ட்டைப் போட்டுக்குங்க சார், அம்மா நீங்களுந்தான்" என்றார். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர்களுக்கு எதற்கு என்று என் மனைவி கேட்டாள். "முன்னாடி ஒக்காந்திருக்கிற நான் பொழைக்கணுமுங்களே அம்மா" என்றார் அவர், சிரிக்காமலே.

இந்த விடையில் உள்ள சாஸ்திரம் பலருக்குத் தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன்மீதேனும் மோதி நின்றால், வண்டி நிற்குமேயொழிய உள்ளே இருக்கும் மனிதன் நிற்பதில்லை. அதே வேகத்தோடு முன்னே போகிறான். அந்த வேகம், நான்கு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து விழுகிறவன் தரையைத் தொடும் வேகத்துக்குச் சமம். பின்னிருக்கையிலிருந்து அப்படிப் புறப்படுகிற சரீரம், முன்னிருப்பவனின் முதுகில்தான் போய் விழும். ஸ்வீடன் தேசத்து வோல்வோ நிறுவனத்தில் பொறியாளராயிருந்த நில்ஸ் போலின் என்பவர், தோளையும் இடுப்பையும் ஒரே பட்டையால் மூன்று இடங்களில் பிணைக்கும் முறையை 1959இல் அமைத்துக் கொடுத்தார். அதன் உரிமையை அந்நிறுவனம் தனக்கே வைத்துக்கொள்ளாமல் மற்றவர்களும் பயன்படுத்தும்படி விட்டுவிட்டது, யந்திர யுகத்தின் தர்மங்களில் மேலானது ஒன்று என்றே நான் கருதுகிறேன். முன்னிருக்கையில் அமர்ந்தவனுக்கு மரணம் நேரக்கூடிய சாத்தியத்தை அந்தப் பட்டை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. பின்னிருக்கைக்கும் நம் நாட்டுச் சட்டத்தில் விதி உண்டு. எனினும், 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்குத் திரும்பும் வழியில் பால்கர் அருகே பாலமொன்றில் கார் மோதி உயிர்நீத்தபோது, அவர் பின்னிருக்கையில் பட்டையின்றி அமர்ந்திருந்தார் என்ற செய்தி வெளிவந்த பிறகே, அப்படி ஒரு விதி இருப்பதைப் படித்தவர்களும் பேசத் தலைப்பட்டார்கள். விலையுயர்ந்த வாகனமும் அகலமான சாலையும் இருந்தும், கைக்கெட்டிய தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பட்டை கையாளப்படவில்லை. அன்று முதல் சில மாதங்கள் வரையில் பெருநகரங்களில் எல்லோரும் பின்னிருக்கைப் பட்டையைத் தேடினார்கள். பல கார்களில் அது இருக்கையுறைக்குள் புதைந்துபோயிருந்தது.

ஓசூரைத் தாண்டுகிற வரையில் நெரிசல். அங்கே அபாயம் உண்டாயினும் அது பெரும்பாலும் தகரத்துக்கே. சூளகிரிக்குப் பின்னர் சாலை விரிந்து வாகனங்கள் வேகம் கொள்ளும்போதுதான் மனிதர்களின் சுபாவம் வெளிப்படுகிறது. வலப்புற ஓரத்தில், விரைந்து முந்துகிறவர்களுக்கென்று விடப்பட்ட தடத்தில், கிரானைட் கற்களை ஏற்றிய லாரி ஒன்று தன் விருப்பப்படி ஊர்ந்துகொண்டிருக்கும். அதைக் கடக்க இடமின்றி, இடப்புறமாகப் பாய்ந்து ஒரு கார் முந்தும். அதே வேளையில், கிராமத்துப் பக்கச் சாலையிலிருந்து எதிர்த்திசையில் ஒரு மோட்டார் சைக்கிள் பால்கேன்களோடு வரும். இம்மூவரில் ஒருவனும் தான் தவறு செய்வதாக எண்ணுவதில்லை. அரை கிலோமீட்டர் சென்று திரும்பி வருவதற்கு எரிபொருள் செலவாகுமே என்று பால்காரன் நினைக்கிறான். இடத்தடத்தில் போனால் அடிக்கடி பிரேக் போடவேண்டியிருக்கும் என்று லாரிக்காரன் நினைக்கிறான். முந்துகிறவன் எதையும் நினைப்பதில்லை.

மேலுமலை இறக்கத்துக்குச் சற்று முன்னால், எங்களுக்குப் பின்னே ஒரு பெரிய வெள்ளை வண்டி, எங்கள் பின்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு, விளக்கை மாற்றி மாற்றி அடித்து, ஹாரனையும் விடாமல் முழக்கிக்கொண்டு வந்தது. எங்கள் வேகம் அப்போது 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் செல்கிறது. கண் கண்டதைக் கால் செய்வதற்கே ஒரு விநாடியோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே நாங்கள் திடீரென்று நிறுத்த நேர்ந்திருந்தால், பின்னே வந்தவர் தம் காலைப் பிரேக்கின்மேல் வைப்பதற்கு முன்பே எங்கள் டிக்கிக்குள் வந்து சேர்ந்திருப்பார். என் மனத்தில் கோபம் மூண்டது. சட்டப்படி நாங்கள் சரியான தடத்தில், சரியான வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். அவருக்கு வழி விடவேண்டிய அவசியம் யாது? சாரதியோ, முன்னே இருந்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, இடப்பக்கத்து விளக்கைப் போட்டு, மெல்ல ஒதுங்கி, கையை அசைத்து அந்த வண்டியைப் போகவிட்டார். போகிறபோது அந்த வண்டியிலிருந்தவர் எங்களை முறைத்துக்கொண்டே போனார்.

"ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"அந்த மாதிரி ஆளு நம்ம பின்னால இருக்கிறதவிட முன்னால இருக்கிறது நல்லதுங்க சார். முன்னால இருந்தா கண்ணுல படுவானுங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின் நான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. சாலையில் நாம் பெரும்பாலும் நியாயத்தைப் பற்றியே சிந்திக்கிறோம். யார் முதலில் வந்தது, யாருக்கு உரிமை, யார் விட்டுக்கொடுக்கவேண்டும் என்று மனத்துக்குள் ஒரு நீதிமன்றத்தை வைத்துக்கொண்டே ஓட்டுகிறோம். அவரோ இடத்தைப் பற்றி மட்டுமே சிந்தித்தார். முன்னே எத்தனை இடம் இருக்கிறது, பின்னே வருகிறவனுக்கு எத்தனை இடம் வேண்டும், இரண்டிலும் தவறிப்போனால் இடப்பக்கத்து மண்ணில் இறங்க வழி உண்டா என்கிற கணக்கு அவர் கண்களில் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. மூன்று விநாடிக்கு ஒருமுறையேனும் அவர் பார்வை கண்ணாடிக்குப் போய்வந்தது. முன்னே செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின், மூன்று எண்ணுவதற்குள் நாம் அக்கம்பத்தை அடைந்துவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். மழை நாளில் அந்த எண்ணிக்கையை இரட்டிக்கவேண்டும். பின்னே ஒருவன் ஒட்டிக்கொண்டு வந்தால், அவனுக்காகவும் நாமே முன்னால் இடைவெளியைப் பெருக்கவேண்டும். அப்போதுதான் நாம் பிரேக்கை மெதுவாக, அவனுக்கும் தெரியும்படி போட முடியும். அவனுடைய கவனக்குறைவுக்கு நாம் ஏன் விலை கொடுக்கவேண்டும் என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். மோதலுக்குப் பிறகு அந்தக் கேள்வியை வழக்கறிஞர் மூலமாகக் கேட்டுக்கொள்ள வசதியும் இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலம் முடிந்திருந்தது. காவேரிப்பட்டணத்தைக் கடந்து ஒரு டீக்கடையில் நின்றோம். லாரிகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. ஒருவர் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார். கடைக்கு முன்னால் சாலையை மறித்து ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே போயிற்று: தகப்பன், தாய், நடுவில் ஒரு பெண் குழந்தை, பெட்ரோல் டாங்கின்மேல் ஒரு பிள்ளை, தலைக்கவசமோ தகப்பனின் முழங்கையில் மாட்டியிருந்தது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நிகழ்ந்த விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்லுகிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 462 பேர். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் வகித்தது நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடி நிற்கிறோம். நல்ல சாலைகள் நிறைந்த மாநிலம் என்று நாம் பெருமை கொள்வது நியாயந்தான். ஆனால் சாலையின் தரமும் பிராணனின் க்ஷேமமும் ஒன்றாகவே வளரும் என்று எவரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. வழவழப்பான சாலை வேகத்தைத் தூண்டுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகிறது. தலைக்கவசம் முழங்கைக்கு எந்தவிதமான பாதுகாப்பையும் அளிப்பதில்லை என்பதைப் பொறியியல் படிக்காமலே அறியலாம்.

தருமபுரி பழைய தகடூர், அதியமான்களின் தலைநகர். அதைத் தாண்டியதும் வரும் அதியமான்கோட்டையில் காலபைரவர் சன்னிதி பிரசித்தமானது. தேய்பிறை அஷ்டமியில் சாம்பற்பூசணியில் தீபமேற்ற வரும் கூட்டத்தால் சாலையே ஸ்தம்பிக்கும் என்கிறார்கள். எங்கள் சாரதி வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்காமலே கும்பிட்டார். பிறகு இறங்கி, மறுபடியும் டயர்களைத் தட்டிப் பார்த்தார். கும்பிட்டதும் தட்டியதும் அவருக்கு ஒரே அனுஷ்டானத்தின் இரு பகுதிகளாகவே தோன்றின.

அதன்பின் பாளையம் சுங்கச்சாவடி. கனரக வாகனங்களை நியூட்ரலில் ஓட்டாதீர்கள், தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குங்கள் என்று அங்கே சரக்கு வண்டிக்காரர்களுக்கு எச்சரிக்கை செய்கிறார்கள். சாவடியைக் கடந்து சிறிது தூரத்தில் காட்டின் நடுவே இறக்கம் ஆரம்பமாகிறது. 1790ஆம் ஆண்டு, மூன்றாம் மைசூர் யுத்தத்தின்போது, தன்னைச் சூழ வந்த ஆங்கிலப் படைகளின் கைக்கு அகப்படாமல் திப்பு சுல்தான் தன் சேனையோடு தெற்கே இறங்கியது இந்தக் கணவாயின் வழியாகத்தான். பீரங்கிகளையும் மாட்டு வண்டிகளையும் அவன் இங்கே எப்படி இறக்கினான் என்று நினைத்துப் பார்த்தேன். பாரவண்டியின் ஓட்டத்தைத் தடுக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள். மாடுகள் பின்னங்காலை ஊன்றிக்கொள்ளும். யந்திர வண்டிக்கு அந்த மாட்டின் வேலையைச் செய்வது என்ஜின். அதைச் சக்கரத்திலிருந்து அவிழ்த்துவிட்டு இறங்குவதற்குப் பெயர்தான் நியூட்ரல்.

இதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். நூறு மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றிச் சரிந்து வரும் எந்தப் பொருளும், அடிவாரத்தை அடையும்போது மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை அடைந்திருக்கும். இருபத்தைந்து டன் சுமையுள்ள லாரி அந்த வேகத்தை அடையாமல் தடுக்கவேண்டுமானால், அந்தச் சக்தி முழுவதும் எங்கேனும் உஷ்ணமாக மாறியாகவேண்டும். கியரில் இருக்கும்போது என்ஜின் தன் பங்குக்கு வண்டியைப் பிடித்து இழுக்கிறது. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் அது இன்னும் பலமாக இழுக்கும். நியூட்ரலில் விட்டாலோ, பாரம் முழுவதும் சக்கரத்துப் பிரேக்குகளின்மேல் விழுகிறது. அவை கொதிக்கக் கொதிக்கப் பிடி தளர்கிறது. ஓட்டுநர் பதறி மீண்டும் மீண்டும் மிதிக்கிறார். மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏர் டாங்கியிலுள்ள காற்று குறைகிறது. சிலர் அதற்கும் ஒரு படி மேலே போய் என்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். அப்போது காற்றை நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுவிடுகிறது, ஸ்டியரிங்கும் கல்லாகிவிடுகிறது. அந்த நிலையில் திரும்பக் கியரைப் போட முயன்றால் பற்கள் கொள்வதில்லை. இவ்வளவும் நிகழ ஒரு சில நிமிஷங்கள் போதும். தொப்பூர் இறக்கம் அதற்கு வேண்டிய நேரத்தைத் தாராளமாகவே கொடுக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில், சாலை வளைந்து செல்லும் இடத்தில் இருக்கிறது இரட்டைப் பாலம்.

2020 டிசம்பரில், சிமென்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று இந்த இறக்கத்தில் கட்டுக்கடங்காமல் போய், முன்னேயிருந்த கார்களும் வேறு வண்டிகளுமாகப் பலவற்றின்மேல் மோதியதில் நான்கு பேர் மாண்டார்கள். 2024 ஜனவரியில், நெல் மூட்டை ஏற்றிய லாரி முன்சென்ற லாரியின்மேல் மோத, லாரிகளுக்கிடையே ஒரு கார் சிக்கித் தீப்பற்றி, மறுபடியும் நான்கு உயிர்கள் போயின. பாலத்தின் மேலிருந்து லாரி ஒன்று கீழே விழும் காட்சி அங்கிருந்த காமிராவில் பதிந்து, நாடு முழுவதும் பலர் அதைத் தங்கள் கைப்பேசிகளில் பார்த்தார்கள். இவ்விரு சம்பவங்களிலும் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு: மாண்டவர்கள் எல்லோருமே தவறாக ஓட்டியவர்கள் அல்லர், முன்னால், தங்கள் தடத்தில், தங்கள் பாட்டில் போய்க்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு. இங்கே உயர்மட்டச் சாலை அமைப்பதற்கான திட்டம் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. அது முடிந்தால் சரிவு தணியும்; அதுவரையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இறங்குவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

எங்கள் சாரதி இறக்கம் தொடங்குமுன்பே மூன்றாம் கியருக்கு வந்துவிட்டார். "ஏறுன கியர்லயேதானுங்க எறங்கணும்" என்பது அவருக்கு அவருடைய குருநாதரான பழைய லாரி ஓட்டுநர் ஒருவர் கொடுத்த உபதேசமாம். இதே மலையை எதிர்த்திசையில் ஏற எந்தக் கியர் தேவையோ, அதே கியரில் இறங்கவேண்டும்; அதற்குமேல் ஒரு கியர்கூட ஆசைப்படக்கூடாது. லாரிகளுக்கு நடுவே அவர் எந்த இடத்திலும் அகப்பட்டுக்கொள்ளவில்லை. பின்னே ஒரு பாரவண்டி நெருங்கி வருவது தெரிந்தால், வேகத்தைக் கூட்டி ஓடாமல், இடப்பக்கம் ஒதுங்கி அதை முன்னே விட்டார். லாரியின் பக்கவாட்டில் நிலைத்துப் போவதையும் அவர் அனுமதிக்கவில்லை. கடந்தால் ஒரே மூச்சில் கடப்பது, இல்லையேல் பின்தங்கி நிற்பது. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநருடைய முகம் நமக்குத் தெரியவில்லையென்றால், நாம் இருப்பதே அவருக்குத் தெரியாது என்றார். இடப்பக்கத்தில் அந்தக் குருட்டிடம் இன்னும் பெரியது.

பாதி இறக்கத்தில் முன்னே வண்டிகள் நின்றுவிட்டன. மற்றெல்லாரும் முன்வண்டியின் பம்பரை முத்தமிடுவதுபோல் போய் ஒட்டி நிற்க, அவர் மட்டும் இரண்டு கார் நீளத்துக்கு இடம் விட்டு, சக்கரத்தை இடப்புறம் திருப்பி, நான்கு விளக்குகளையும் கண்சிமிட்டச் செய்து, பார்வையைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டு நிறுத்தினார். பின்னால் இரண்டு லாரிகள் வந்து ஒழுங்காக நிற்கிற வரையில் அவர் காலையும் கையையும் அசைக்கவில்லை. நின்ற வரிசைதான் மலையில் ஆபத்து. முன்னால் நடந்த விபத்தைவிட அதைப் பார்க்க நின்றவர்கள்மேல் பின்னால் வந்து விழும் விபத்தே கொடியது. பிறகு அவர் எங்களை இடப்பக்கத்துக் கதவின் வழியாக இறக்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்கும்படி சொன்னார். வெயில் கடுமையாயிருக்கிறது, காரிலேயே உட்கார்ந்திருக்கிறோமே என்றாள் என் மனைவி. அவர் சம்மதிக்கவில்லை.

நூறு கஜ தூரத்தில் வேற்று மாநிலத்து லாரி ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, சாலையெல்லாம் வெங்காயம் சிதறிக் கிடந்தது. மலைப்பக்கத்துத் திட்டில் உரசியே வேகத்தைக் குறைத்திருக்கிறான் ஓட்டுநர்; எதிரே இருந்த பள்ளத்தையும், முன்னே இருந்த வண்டிகளையும் தவிர்த்து, இருப்பதில் மிருதுவானதைத் தேடி மோதியது அவனைக் காப்பாற்றிற்று. கிளீனர் பையனுக்கு முழங்கைக்கு மேல் ஆழமான வெட்டு, ரத்தம் பெருகிக்கொண்டிருந்தது. கூடியிருந்தவர்களில் ஒருவர் அவனுக்குத் தண்ணீர் புகட்ட முயன்றார். மற்றொருவர், கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திப் பார்க்கலாம் என்றார். எங்கள் சாரதி இருவரையும் விலக்கி, தன் தோள் துண்டை மடித்து வெட்டின்மேல் வைத்து, தன் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டு நனைந்தபோது அதை எடுத்துப் பார்க்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்தார். கழுத்தை அசைக்காதே என்று பையனிடம் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். 108க்கு யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். நெடுஞ்சாலைக்காரர்களின் 1033 எண்ணுக்கு நான் சொன்னேன்.

வேட்டி கட்டிய ஒரு கிராமத்துப் பெரியவர் என்னருகே வந்து, "ஏனுங்க, இதுல போயி கையைக் குடுத்தா நாளைக்கு ஸ்டேசனுக்கு அலைய விட்டுருவாங்களே" என்று கவலையோடு கேட்டார். இந்தப் பயம் ஒரு தலைமுறைக்கு முன்னால் வீண்பயமன்று. ஆனால் உச்ச நீதிமன்றம் 2016இல் வழிமுறைகளை அங்கீகரித்து, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கென ஒரு பிரிவும் சேர்க்கப்பட்டபின், உபகாரம் செய்தவரை வழக்கில் மாட்டிவைக்க இடமில்லை. பெயரையும் முகவரியையும் சொல்லவேண்டுமென்று கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டப்படி, விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்பதைப் பார்ப்பதில்லை. பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, நம்பினாரோ இல்லையோ, சிதறிய வெங்காயத்தில் கால்வைத்து யாரும் வழுக்கி விழாதபடி அதை ஒதுக்கப் போய்விட்டார்.

ஆம்புலன்ஸ் வந்து பையனை ஏற்றியபின், எங்கள் சாரதி கையைக் கழுவிக்கொண்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநரின் பக்கத்தில் போய் அமர்ந்தார். அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. ஹிந்தியில் நடந்த அந்தச் சம்பாஷணையின் சாரத்தை எங்களுக்குப் பிற்பாடு சொன்னார். முதற்கேள்வி, வண்டி எந்தக் கியரில் இருந்தது என்பதுதான், விடை எதிர்பார்த்ததுதான். ஏன் அப்படி என்ற இரண்டாவது கேள்விக்கே அந்த ஓட்டுநர் அழுதானாம். முதலாளி ஒரு நடைக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுப்பார். மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு, அளவுக்கு மேல் செலவானால் சம்பளத்தில் பிடித்தம். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால்தான் அந்தக் கணக்கு கட்டும் என்று, அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதிலே பரிதாபம் என்னவென்றால், மின்னணு முறையில் டீசலைச் செலுத்தும் இக்காலத்து என்ஜின்கள், கியரில் இருந்தபடியே ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது டீசலையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் என்ஜின் தனியே ஓடுவதற்காகக் கொஞ்சம் குடிக்கிறது. இல்லாத மிச்சத்துக்காக அவன் மலையிலிருந்து பிரேக்கை நம்பி இறங்கியிருக்கிறான். அபாயகரமான ஓட்டுநர்கள் என்று நாம் கரித்துக்கொட்டுகிறவர்களில் வெள்ளை வண்டிக்காரரைப்போல் அகங்காரத்தால் ஓட்டுகிறவர்கள் சிலர். பிறர் எழுதிவைத்த கணக்குக்காக ஓட்டுகிறவர்கள் பலர். முன்னவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவதைத் தவிர நாம் செய்யக்கூடியது சொற்பம். பின்னவர்களின் கணக்கையோ திருத்தமுடியும். அதைத் திருத்தவேண்டியவர்கள் லாரியில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர்.

வழி திறந்தபின் ஓமலூர் வரையில் நாங்கள் அதிகம் பேசவில்லை. முகூர்த்தம் மறுநாள் காலையில்தான் என்பதால் தாமதத்தால் பாதகமில்லை. கலியாணம் முடிந்து, மாலையில் விருந்தும் முடிந்ததும், இரவே புறப்பட்டால் விடியுமுன் பெங்களூர் சேரலாமே, சாலையும் காலியாயிருக்குமே என்று நான் யோசனை சொன்னேன். சாரதி தலையை ஆட்டிவிட்டார். ஏறும்போது தொப்பூரில் பிரேக் கவலை இல்லை. ஆனால் பாரவண்டிகள் முதல் கியரில் ஆமை வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும், சில பழுதாகிச் சாலையிலேயே நிற்கும், பின்விளக்கு எரியாது. கார் அதன் அடியில் புகுந்துவிட்டால் சீட் பெல்ட்டுக்கும் வேலை இல்லை. பின்னிரவு மூன்று மணிக்குமேல் எப்படிப்பட்ட ஓட்டுநருக்கும் கண் திறந்தபடியே தூக்கம் வரும். சில இடங்களில் காவலர்களே வண்டிகளை நிறுத்தி முகம் கழுவிப் போகச் சொல்வதற்குக் காரணம் அதுதான். அவரும் கலியாண வீட்டில் பந்திக்கு ஒத்தாசை செய்துவிட்டுக் களைத்திருந்தார்.

"விடிஞ்சு, டீ குடிச்சிட்டுக் கெளம்பலாமுங்க சார். ஆறரைக்கு வண்டியக் கொண்டாந்து நிறுத்திர்றேன்."

அதன்படியே நண்பர் வீட்டுத் திண்ணையில் அவருக்கு ஒரு பாயும் தலையணையும் கொடுக்கச் செய்து, அறை வாடகைக்காக நண்பரோடு சிறிது சண்டையும் போட்டுக்கொண்டு, நாங்கள் அன்றிரவு சேலத்திலேயே தங்கினோம்.